இனிப்பின் பெயரும் மொழிபெயர்ப்பாளர் கடனும்

பெயரிடுதல் மனிதன் மேற்கொண்ட தொழில்களுள் மிகவும் பழைமையானது. மலைக்கும் ஆற்றுக்கும் பெயரிட்டவன் மரத்துக்கும் மாட்டுக்கும் பெயரிட்டான். தன் மக்களுக்குப் பெயரிட்டான். தன் முன்னே வைக்கப்பட்ட உணவுக்கும் பெயரிட்டான். உணவுப் பெயர்களுள்ளும் அன்றாடச் சோற்றுக்கும் குழம்புக்கும் அமைந்த பெயர்கள் பெரும்பாலும் அடக்கமானவை. பசித்து அமர்ந்திருப்பவனிடம் விளையாட்டு எடுபடாது. பசி தணிந்தபின் வரும் இனிப்புக்குப் பெயரிடும்போதுதான் மனிதனுக்குக் குறும்பு பிறக்கிறது. இக்குறும்பு எல்லா நாடுகளிலும் உண்டெனினும், ஸ்பெயின் நாட்டிலும் ஸ்பானிய மொழி வழங்கும் பிற நாடுகளிலும் அது தனிச் செழிப்புடன் வளர்ந்திருக்கிறது.

‘விண்ணுலகப் பன்றிக்கொழுப்பு’ என்பது அங்கே ஓர் இனிப்பின் பெயர். ‘கன்னியாஸ்திரியின் பெருமூச்சு’, ‘புனிதரின் எலும்புகள்’, ‘தேவதையின் கூந்தல்’, ‘குடிகாரர்கள்’, ‘முட்டாள் வளையங்கள்’, ‘அறிவாளி வளையங்கள்’ என்பனவும் இனிப்புகளின் பெயர்களே. அந்நாட்டுக் குழந்தைகள் இவற்றைத் தாய்மொழியோடு சேர்த்தே கற்றுக்கொள்கின்றனர். அவர்களுக்கு இவற்றில் வியப்பில்லை. உணவக உரிமையாளர் அயல்நாட்டு விருந்தினருக்காக இப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுத முற்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதா? பண்டம் இன்னதென்று விளக்கிவிட்டுப் பெயரைக் கைவிடுவதா? ஸ்பானியப் பெயரை அப்படியே விட்டுவிடுவதா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது அச்சுக்கூடத்தில் அரைமணி நேரத்தில் தீர்க்கத்தக்க சிறு வினா. சற்று ஊன்றி நோக்கினால், உண்பவனின் சமய நெறியும், பெயருக்குள் அகப்பட்டுக்கொண்ட மக்களின் மானமும், ஒரு காலத்து உழைப்பாளரின் சினமும் அந்தச் சிறு அட்டைக்குள் அடங்கியிருப்பது புலனாகும்.

முதற்கண் அவ்வட்டையைப் படிப்பவர் யார் என்பதை அறிதல் வேண்டும். 2023-ஆம் ஆண்டில் ஸ்பெயினுக்கு வந்த அயல்நாட்டுப் பயணிகள் எட்டரைக் கோடிப் பேர். அவர்களுள் ஆங்கிலேயர் பலர். ஆங்கிலேயர் அல்லாதார் அவர்களினும் மிகப் பலர். ஜப்பானியரும் அராபியரும் இந்தியரும் மலேசியரும் ஸ்பானியம் அறியாத ஒரே காரணத்தால் ஆங்கிலப் பட்டியலைக் கேட்டு வாங்குகின்றனர். ஆகவே அப்பட்டியலின் ஆங்கிலத்தை இங்கிலாந்துக்கு மட்டும் உரிய மொழியாகக் கொள்ளலாகாது. ஒருவரையொருவர் அறியாத பல்வேறு இனத்தார் வந்து கூடும் பொதுச்சாவடி அது. இங்கிலாந்துப் பள்ளிப்பிள்ளைகளின் கேலிப்பேச்சை அறிந்தவர்க்கே விளங்கும் சிலேடை ஒன்றை அங்கே எழுதி வைத்தால், சாவடிக்கு வந்தோருள் பெரும்பாலோர் வாசலிலேயே நிற்க நேரும். ஸ்பானியக் குறும்புக்கு ஆங்கிலக் குறும்பு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பெருமைப்படும் மொழிபெயர்ப்பாளர் பலரும் மறந்துவிடுவது இதனைத்தான்.

முதலில் கூறப்பட்ட ‘விண்ணுலகப் பன்றிக்கொழுப்’பையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்பானியத்தில் அதன் பெயர் ‘தொசினோ தெ சியேலோ’. முட்டையின் மஞ்சட்கரு, சீனி, நீர் ஆகிய மூன்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. காய்ச்சிய சீனிப்பாகில் மஞ்சட்கருவைக் கலந்து, கருக்கிய சீனி பூசிய பாத்திரத்தில் ஊற்றி ஆவியில் வேகவைத்து எடுக்கிறார்கள். பளபளப்பும் வழவழப்பும் கொண்டு, பொன்னிறத்தில் நடுங்கும் அக்கட்டியைக் கண்ட யாரோ ஒருவர்க்குக் கொழுத்த பன்றித் துண்டம் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். தென்ஸ்பெயினில் உள்ள ஹெரெஸ் நகரம் திராட்சை மதுவுக்குப் பெயர்பெற்றது. மதுவைத் தெளியவைக்க முட்டையின் வெண்கருவைப் பயன்படுத்திய வணிகர்கள், எஞ்சிய மஞ்சட்கருவைக் கன்னியர் மடங்களுக்குத் தானமாக அளித்தனர் என்றும், அதனால் இவ்வினிப்பு அம்மடங்களில் தோன்றியது என்றும் அவ்வூரார் கூறுவர். தேவாலயங்களுக்கு மஞ்சட்கரு கிடைத்ததைப் பற்றி இதனை ஒத்த கதையொன்று பிலிப்பீன்ஸ் தீவுகளிலும் வழங்குகிறது. அங்கே கட்டடச் சுண்ணாம்புச் சாந்தில் வெண்கரு கலக்கப்பட்டதாம்.

இப்பெயரைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் எழுதினால் என்ன நேரும்? முஸ்லிம் விருந்தினர் ஒருவர் அந்த வரியைத் தொட்டதும் விரலை எடுத்துக்கொள்வார். யூதரும் அவ்வாறே செய்வார். புலால் மறுத்தவர் முகம் சுளிப்பார். மூவரும் தம் நெறி எவ்வகையிலும் விலக்காத ஒன்றை இழப்பர். முட்டையையும் தவிர்ப்பவர்க்கு மட்டுமே அது விலக்கு. பெயர் உண்மையாகவே பெயர்க்கப்பட்டிருக்கிறது. உண்பவரோ பொய்யை நம்பிச் செல்கிறார்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. அது இதனினும் கொடிது. கிறிஸ்துமஸ் காலத்தில் ஸ்பானிய வீடுதோறும் காணப்படும் ‘பொல்வொரோன்’ என்னும் மாவுருண்டையின் பெயர் ‘தூள்’ என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. வாயிலிட்டதும் தூளாக உதிர்வதால் அப்பெயர். எவ்வளவு தூய்மையான பெயர்! ஆனால் மரபுமுறைப்படி அது பன்றிக்கொழுப்பிலேயே பிசையப்படுகிறது. அதன் உடன்பிறப்பான ‘மன்தெகாதோ’வின் பெயரில் கொழுப்பு என்னும் சொல் ஒளிந்திருக்கிறது, ஸ்பானியம் அறிந்தவர்க்கே அது தென்படும். மயோர்க்காத் தீவின் சுருள் ரொட்டியான ‘என்சைமாதா’வும் அவ்வாறே. அப்பெயருக்குள் உள்ள ‘சைம்’ என்னும் சொல் அத்தீவு மொழியில் பன்றிக்கொழுப்பைக் குறிக்கும். ஆக, பன்றியே இல்லாத பண்டம் பன்றியைப் பறைசாற்றுகிறது; பன்றியால் ஆன பண்டம் அதனை மறைத்துக்கொள்கிறது. பட்டியலில் முன்னதற்கு ‘விண்ணுலகப் பன்றிக்கொழுப்பு’ என்றும் பின்னதற்குத் ‘தூளுருண்டை’ என்றும் எழுதிவிட்டு, மூலத்துக்கு விசுவாசமாக நடந்துகொண்டதாக ஒருவர் மகிழ முடியுமா?

பன்றி இறைச்சி ஸ்பானிய வரலாற்றில் வெறும் உணவாக இருந்ததில்லை. 1492-இல் யூதர் நாடுகடத்தப்பட்டனர். 1609 முதல் 1614 வரை, முஸ்லிம்களாக இருந்து மதம் மாறியவர்களின் வழித்தோன்றல்களும் வெளியேற்றப்பட்டனர். அந்நூற்றாண்டுகளில் பன்றியை உண்ணத் தயங்கியவன் கிறிஸ்தவனாக மாறியது மெய்யா என்று அண்டைவீட்டார் ஐயுற்றனர். அத்தகைய நாட்டில் கொழுப்புக்கு விண்ணுலகத்தில் இடம் கொடுத்தது வெறும் நகைச்சுவைதானா என்று எண்ணத் தோன்றும். அதற்கு விடை காண்பது வரலாற்றறிஞர் பணி. பட்டியல் எழுதுவோர்க்கு இங்கே வேண்டுவது ஒன்றுதான். ஸ்பானியர் சொல்லாமலே அறிந்திருப்பதை வந்தவர் அறியமாட்டார்.

ஸ்பெயின் நாட்டுச் சிந்தனையாளர் ஒர்த்தேகா இ காசெத் மொழிபெயர்ப்பின் துயரத்தையும் சிறப்பையும் பற்றி 1937-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு மொழியும் சிலவற்றைச் சொல்வதற்காகச் சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறது என்பதும், எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில் மொழிகள் வேறுபடுகின்றன என்பதும் அதில் அவர் வற்புறுத்திய கருத்துகள். மொழிபெயர்ப்பு அதனால்தான் அரிதாகிறது என்றார். அவர் மனத்தில் இருந்தவை பெருநூல்களும் தத்துவங்களுமே. ஆயினும் இனிப்புக்கடைப் பெயர்ப்பலகைக்கு அவர் கூற்று பொருந்துவதுபோல் வேறெதற்கும் பொருந்துமா என்பது ஐயமே.

இதனால் ஸ்பானியரை மட்டும் விந்தையானவராகக் கருதிவிடவும் கூடாது. ஆங்கிலேயர் கிறிஸ்துமஸில் உண்ணும் ‘மின்ஸ் பை’ என்னும் பண்டத்தில் வைக்கும் பூரணத்துக்குக் ‘கொத்திறைச்சி’ என்று பொருள்படும் பெயர் இன்றும் வழங்குகிறது. முன்னாளில் அதில் இறைச்சி இருந்தது. இன்று உலர்ந்த பழங்களே உள்ளன. அவர்களுடைய ‘ஸ்பாட்டட் டிக்’ என்னும் பழைய களிப்பண்டத்தில் மாட்டுக்கொழுப்பு சேர்வதுண்டு. பெயரோ அதைச் சொல்வதில்லை. அப்பெயரின் பின்சொல் கொச்சைப் பொருள் தருவதால், 2009-ஆம் ஆண்டில் வேல்ஸ் பகுதியின் பிளின்ட்ஷயர் மன்றத்து உணவகத்தில் அதனை ‘ஸ்பாட்டட் ரிச்சர்ட்’ என்று திருத்தி எழுதினார்கள். ஊரார் நகைத்தனர்; பழைய பெயர் மீண்டது. மாட்டுக்கொழுப்பைப் பற்றி அப்போதும் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நாணத்துக்கு அஞ்சிப் பெயரை மாற்றுகிறவர்கள் உண்மைக்கு அஞ்சி மாற்றுவது அரிது.

நன்னூலார் பெயர்களைக் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் பகுத்தார். காரணம் தோன்ற இட்டது ஒன்று. காரணமின்றி வழக்கத்தால் நிலைத்தது மற்றொன்று. இனிப்புகளின் குறும்புப் பெயர்கள் யாவும் காரணப்பெயர்களாகவே பிறந்தன. காலப்போக்கில் காரணம் தேய்ந்து, பெயர் மட்டும் இடுகுறிபோல் நின்றுவிட்டது. ‘பெருமூச்சு’ என்று பொருள்படும் ‘சுஸ்பீரோ’ என்னும் சொல்லை இனிப்புக்கடையில் கேட்கும் ஸ்பானியர்க்கு நினைவுக்கு வருவது நுரைக்க அடித்த வெண்கருவில் செய்த பண்டமேயன்றி, யாருடைய ஏக்கமும் அன்று. ‘தேவதையின் கூந்தல்’ என்றதும் அவர் கண்முன் நிற்பது ஒருவகைப் பூசணியின் நார்களைச் சீனியிலிட்டுக் காய்ச்சிய பொன்னிறப் பாகு. மலாய்ப் பலகாரக் கடையில் ‘படாக் பெரெண்டாம்’ வாங்குவோர், தேங்காய்ப்பாலில் கிடக்கும் அந்த மாவுருண்டையை நீரில் ஊறும் காண்டாமிருகமாக எண்ணிப் பார்த்தா வாங்குகின்றனர்?

மொழிபெயர்ப்பாளர் செய்யும் செயலின் இயல்பு இங்கேதான் வெளிப்படுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது, உறங்கிக்கிடந்த காரணத்தை அவர் தட்டி எழுப்பிவிடுகிறார். தாய்மொழியில் தேய்ந்துபோன பெயர் வேற்றுமொழியில் அன்று பிறந்த பெயராகக் கண்விழிக்கிறது. மூலத்தைப் படிப்பவர் ஒரு பண்டத்தை மட்டும் காண்கிறார். பெயர்ப்பைப் படிப்பவர் கூந்தலையும் எலும்பையும் கொழுப்பையும் காண்கிறார். எனவே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதே நேர்மையானது, அதில் பெயர்ப்பவரின் கைவண்ணம் இல்லை என்னும் வாதம் நிற்காது. எழுப்பியவர் அவர், எழுந்தது நன்மையா தீமையா என்பதற்கும் அவரே விடையிறுத்தாகவேண்டும். சில வேளைகளில் அவர் எழுப்புவது வேறொன்றாகவும் இருந்துவிடுகிறது. ‘தேவதையின் கூந்தல்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால், படிப்பவர் இத்தாலியரின் மெல்லிய மாவிழைகளையே எதிர்பார்ப்பார்; அவ்விழைகளுக்கு ஆங்கிலத்தில் அதுவே பெயர்.

எழுப்பப்படுவது ஓர் இனத்தாரைப் பற்றிய கேலியாக இருக்கும்போது பொறுப்பு மேலும் கனக்கிறது. மெல்லிய கேக்கின்மேல் பாலேடோ பழப்பாகோ தடவிச் சுருட்டிய பண்டத்துக்கு ஸ்பெயினில் ‘பிராசோ தெ ஹித்தானோ’ என்று பெயர். ‘ஜிப்சியின் கை’ என்பது பொருள். பழுப்பு நிறமும் நீண்ட வடிவும் அப்பெயரைத் தந்தன என்பார் சிலர். ஊரூராகச் சென்று செம்புப் பாத்திரம் செப்பனிட்ட ஜிப்சிகள், இனிப்புக்கடைக்காரர் கூலியோடு கொடுத்த கேக் துண்டுகளைச் சுருட்டிக் கையில் ஏந்திச் சென்றனர் என்பார் வேறு சிலர். இரண்டும் செவிவழிக் கதைகளே.

அம்மக்களின் மூதாதையர் இந்தியாவின் வடபுலத்திலிருந்து மேற்கு நோக்கிப் பெயர்ந்தவர்கள் என்பதை மொழியாராய்ச்சி நிறுவியிருக்கிறது. ஸ்பெயினில் அவர்கள் பட்ட துயரம் பெரிது. 1749-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில், ஆறாம் பெர்டினாந்து மன்னரின் ஆட்சியில், நாடெங்கும் ஒரே வேளையில் அவர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். பிடிபட்டோர் தொகை 9,000 முதல் 12,000 வரை இருக்கும் என்பர். ஆண்கள் வேறு, பெண்கள் வேறாகப் பிரிக்கப்பட்டனர். ஆண்கள் கப்பல் கட்டும் துறைகளில் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டனர். இனமே பெருகாமல் அற்றுப்போகவேண்டும் என்பதே அப்பிரிவினையின் நோக்கம். பல்லாண்டுகள் கழித்தே எஞ்சியோர் விடுதலை பெற்றனர்.

மாட்ரிட் நகரத்து மூதாட்டி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அந்தக் கேக்கை வாங்கும்போது இவ்வரலாறு எதுவும் அவள் மனத்தில் இல்லை. அவளுக்கு அது இடுகுறிப்பெயர். அவளைக் குறைகூறுவதும் முறையன்று. மேலும், ‘ஹித்தானோ’ என்பது அம்மக்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் சொல். அச்சொல்லைச் சுமந்தே அவர்கள் இசையும் ஆடலும் உலகப்புகழ் பெற்றன. ஆங்கிலத்தில் ‘ஜிப்சி’ என்னும் சொல்லோ வசைச்சுமையும் ஏறியது. ஆகவே ‘ஜிப்சியின் கை’ என்று ஆங்கிலத்தில் எழுதுபவர், மூலத்தில் இருந்ததைவிடக் கூடுதலான இழிவை அட்டையில் ஏற்றிவிடுகிறார். கறிக்கடைப் பலகைபோல் ஒரு மனிதக் கை, அதுவும் குறிப்பிட்ட ஓர் இனத்தாரின் கை, விலையோடு அச்சாகி நிற்கிறது. விருந்துண்ண வந்தவர்களுள் அவ்வினத்தைச் சேர்ந்தவர் ஒருவர் இருந்துவிட்டால்?

ஆங்கிலேயர் இதே பண்டத்துக்கு ஒரு பெயரை முன்னரே வைத்திருக்கின்றனர். அது ‘சுவிஸ் ரோல்’. சுவிட்சர்லாந்துக்கும் அப்பண்டத்துக்கும் என்ன உறவென்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாட்டாரின் கையை எடுத்துவிட்டு வேறொரு நாட்டாரின் பெயரை ஒட்டியதோடு சரி. சிலி நாட்டார் அதனை ‘அரசியின் கை’ என்கின்றனர். பிலிப்பீன்ஸ் மக்களிடம் அது ‘மெர்செதெஸின் கை’யாகிக் கேக்குக்குப் பதில் வெண்கரு நுரையில் சுருட்டப்படுகிறது. ஸ்பானியம் வழங்கிய நாடுகளிலேயே அக்கை இவ்வாறு கைமாறியிருக்க, ஆங்கிலப் பட்டியலில் மட்டும் அதனை ஜிப்சியிடமிருந்து எடுப்பது மூலத்துக்கு இழைக்கும் துரோகம் என்பது மிகையான பேச்சு.

கன்னியாஸ்திரிகளைப் பற்றிய பெயர்கள் இதனின்றும் வேறுபட்டவை. ஸ்பானிய இனிப்புகளுள் பல, உலகைத் துறந்து மதிலுக்குள் வாழும் கன்னியரின் கைப்பக்குவத்தில் வளர்ந்தவை. இன்றும் பல மடங்களில் அவர்கள் இனிப்பு செய்து விற்கின்றனர். சுவரில் பதித்த சுழலும் மரப்பெட்டியில் பணத்தை வைத்தால் அது உள்ளே சுழன்று சென்று, இனிப்போடு திரும்பும். விற்பவர் முகத்தை வாங்குபவர் காண்பதில்லை. காணாத முகத்தின் பெருமூச்சைக் கற்பனை செய்து ஒருவன் இனிப்புக்குப் பெயர் வைத்ததில் குறும்பு இருக்கிறது, பரிவும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரோ இதையொத்த பொரித்த உருண்டைக்குக் கன்னியாஸ்திரி வயிற்றுக்காற்றுப் பிரிக்கும் ஓசையைப் பெயராக வைத்தனர்; பின்னர் நாகரிகம் கருதிச் சிலர் அதனைப் ‘பெருமூச்சு’ என்று மாற்றிக்கொண்டனர். காற்று ஒன்றே, வழிதான் மாறியது.

நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் திருநாளில், ஸ்பானியர் உண்ணும் ‘புனிதரின் எலும்புகள்’ பாதாம் மாவைக் குழலாக்கி, நடுவில் மஞ்சட்கருப் பாகை நிரப்பிச் செய்தவை. வெளியே எலும்பின் வெண்மை, உள்ளே மச்சை. புனிதரின் எலும்புகளைப் பொற்பேழையில் வைத்து வணங்கும் மக்களே அவற்றின் பெயரால் இனிப்பும் உண்கின்றனர். வேற்றுச் சமயத்தார்க்கு இது இறைப்பழிப்பாகத் தோன்றலாம். நெருக்கம் உள்ள இடத்தில்தான் இத்தகைய விளையாட்டு பிறக்கும். தாய்மாமனைக் கேலி செய்யும் உரிமை வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு; வழிப்போக்கனுக்கு இல்லை. பட்டியலின் ஆங்கிலத்தில் இதைப் பெயர்த்து எழுதலாம். திருநாளின் பெயரையும் உடன் எழுதினால், கேலி செய்வோர் அவ்வீட்டுப் பிள்ளைகளே என்பது வந்தவர்க்கு விளங்கிவிடும்.

இனி, கேலி சினத்திலிருந்து பிறந்த இடம் ஒன்றையும் காணவேண்டும். அர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் அயர்ஸில் காலைத் தேநீரோடு உண்ணும் சிறு ரொட்டி வகைகளுக்கு ‘ஃபக்தூராஸ்’ என்று பொதுப்பெயர். விலைச்சீட்டு என்பது அதன் பொருள். வகைகளின் பெயர்கள் இன்னும் விந்தையானவை. பாலினிப்பு நிறைத்த பொரித்த உருண்டைக்கு ‘துறவியின் உருண்டை’ என்று பெயர். ‘உருண்டை’ என்னும் அச்சொல்லுக்கு அங்கே வெளிப்படையாகச் சொல்லத் தகாத மற்றொரு பொருளும் உண்டு. நீண்ட ரொட்டிக்குக் ‘காவலர்’ என்று பெயர். காவலரின் தடியை அது நினைவூட்டுகிறது. ‘குண்டு’, ‘சிறு பீரங்கி’, ‘திருவருட்சாதனம்’ என்பன ஏனையவை.

அந்நகரத்து ரொட்டித் தொழிலாளர் 1887-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தனர். இத்தாலியிலிருந்து வந்து அப்போது அந்நாட்டில் தங்கியிருந்த எர்ரிக்கோ மலத்தெஸ்தா என்னும் அரசுமறுப்புக் கொள்கையாளர் அதன் தோற்றத்தில் பங்குகொண்டார். மறு ஆண்டே அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். திருச்சபையையும் காவல்துறையையும் படையையும் எள்ளி நகையாடுவதற்காக, தாங்கள் சுட்ட ரொட்டிகளுக்கு அத்தொழிலாளர் இப்பெயர்களைச் சூட்டினர் என்றும், உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்பதை நினைவூட்டவே ‘விலைச்சீட்டு’ என்னும் பொதுப்பெயர் வந்தது என்றும் அர்ஜென்டினா மக்கள் சொல்லி வருகின்றனர். இரவெல்லாம் அடுப்பின் முன் வெந்தவர்கள், தங்களை அடக்கியவர்களின் பெயர்களை மாவில் உருட்டி, அடக்கியவர்களுக்கே காலையில் விற்றார்கள் என்பது அக்கதையின் சாரம்.

ஆங்கிலப் பட்டியலில் இவற்றைப் ‘பாலினிப்பு நிறைத்த டோனட்’ என்றும் ‘இனிப்பு ரொட்டி’ என்றும் எழுதிவிட்டால் எவர்க்கும் ஒவ்வாமை வராது. எவர் மனமும் புண்படாது. ஆயினும் ஒரு தவறு நேர்ந்துவிடுகிறது. பேச வேறு மேடையில்லாத உழைப்பாளர் ரொட்டியை மேடையாக்கிப் பேசிய பேச்சு, மரியாதை கருதிய ஒரு மொழிபெயர்ப்பாளரால் அடக்கப்படுகிறது. ஜிப்சியின் கையை மறைக்கச் சொன்ன அதே அறவுணர்வு, துறவியின் உருண்டையை மறைக்கக் கூடாது என்றும் சொல்லவேண்டும். முன்னதில் நகைப்பவர் வலியவர், நகைக்கப்பட்டவர் எளியவர். பின்னதில் நிலை தலைகீழ். நாகரிகம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டவர்க்கு இரண்டும் ஒரே வகைக் கொச்சையாகத் தெரியும். நீதியை அளவுகோலாகக் கொண்டவர்க்கு அவை எதிரெதிர்த் திசையில் நிற்பவை.

இத்தகைய தீர்ப்பை வழங்க மொழிபெயர்ப்பாளர்க்கு யார் அதிகாரம் தந்தார் என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. உணவக உரிமையாளர் அவரை அழைத்தது சொற்களை மாற்றித் தருவதற்கு. நீதி வழங்குவதற்கு அன்று. ஆயினும் தீர்ப்பு வழங்காமல் தப்புவதற்கு அவர்க்கு வழி ஏது? சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் அது ஒரு தீர்ப்பு. மழுப்பி எழுதினாலும் அது ஒரு தீர்ப்பு. அறியாமல் வழங்கும் தீர்ப்பைவிட அறிந்து வழங்குவது மேல் என்பதற்கு மேல் அவர் தரப்பில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சட்டம் ஓரளவு துணை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் 13 முதல், உணவகங்களும் ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றி உண்போர்க்கு அறிவிக்கக் கடமைப்பட்டவை. முட்டை, பால், பாதாம் முதலிய கொட்டைகள், கோதுமை ஆகியவை அவற்றுள் அடங்கும். எனவே விண்ணுலகக் கொழுப்பில் முட்டை இருப்பதை அறிவித்தே தீரவேண்டும். பன்றிக்கொழுப்பும் மதுவும் அந்தப் பதினான்கனுள் இல்லை. உடல் ஏற்காததைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. மனச்சான்று ஏற்காததைப் பட்டியல் எழுதுபவரின் கையிலேயே விட்டுவிடுகிறது.

பெயரின் கீழே ஒரு சிறு வரி எழுதினால் போதும் என்பதே பெரும்பாலான பெயர்களுக்குத் தக்க வழி. ஸ்பானியப் பெயரை அதன் ஓசையோடு மேலே நிறுத்தி, அதன் பொருளையும் பண்டத்தின் உட்பொருள்களையும் கீழே தெளிவாகக் கூறிவிடலாம். விளக்கினால் வேடிக்கை கெட்டுவிடும் என்பர் சுவைஞர். வாய்மொழியாகச் சொல்லும் துணுக்குக்கு அது பொருந்தும். உணவு அட்டையைப் படிப்பவர்க்கோ காத்திருக்கும் நேரம் நிறைய உண்டு. பொருளை அறிந்தபின் மேலே உள்ள பெயருக்குத் திரும்பி ஒருமுறை புன்னகைக்க அவரால் முடியும்.

பெயரே உண்மையைச் சொல்லிவிடும் அரிய இடங்களும் உள்ளன. ‘பொரித்த பால்’ என்னும் ‘லேச்சே ஃபிரீத்தா’ பாலை மாவிட்டுக் கெட்டியாக்கித் துண்டு போட்டுப் பொரித்ததுதான். கேட்பவர் நம்பாவிட்டாலும் மெய். குவாதலஹாராவின் ‘குடிகாரர்கள்’ மதுவும் சீனிப்பாகும் குடித்து ஊறிய கேக்குத் துண்டுகள். ஆங்கிலத்திலும் ‘சற்றே போதையேறிய கேக்’ என்னும் பொருளில் ஒரு பழைய பெயர் உண்டு. ஆனால் அது போதையைக் கொஞ்சலாகச் சொல்கிறது. குழந்தையோடு வந்த தாய்க்கும் மது விலக்கியவர்க்கும் ‘குடிகாரர்’ என்னும் முரட்டுச் சொல்லே நன்மை செய்யும். ‘எனக்கு நன்றாகச் சுவைக்கிறது’ என்று ஒரு முழு வாக்கியமே பெயராக அமைந்த ‘பியென்மெசாபே’ கேனரித் தீவுகளில் பாதாம் இனிப்பு. காதிஸ் நகரத்தில் அதே பெயர் காடியில் ஊறவைத்துப் பொரித்த மீனுக்கு உரியது. இங்கே எத்துணை அழகாகப் பெயர்த்தாலும் பயனில்லை. எந்த ஊர்ப் பட்டியல் என்று கேட்டுத்தான் எழுதவேண்டும்.

மே 15-ஆம் நாள் மாட்ரிட் நகரின் காவற்புனிதரான இசிதோரின் திருவிழாவில் விற்கப்படும் வளையங்களுள், மேற்பூச்சு இல்லாதவை ‘முட்டாள்கள்’. எலுமிச்சை மணக்கும் சீனிப்பூச்சு ஏறியவை ‘அறிவாளிகள்’. உள்ளிருக்கும் மாவு இரண்டிலும் ஒன்றே. உலகம் அறிவாளியென்று எதைக் கொண்டாடுகிறது என்பதை அவ்வூர்ப் பலகாரக்காரர் நன்கறிந்தவர் போலும். இப்பெயர்களால் எந்த இனமும் புண்படுவதில்லை. எந்த நெறியும் ஏமாற்றப்படுவதில்லை. துணிந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஆங்கிலேயரிடம் பழக்கூழைப் பாலேட்டில் கலந்து செய்யும் இனிப்பு ஒன்றுக்கு முன்னரே ‘முட்டாள்’ என்னும் பொருளுடைய ‘ஃபூல்’ என்ற பெயர் உண்டு. ஆகையால் அச்சொல்லைத் தவிர்த்து, மூடத்தனத்தைக் குறிக்கும் வேறொரு சொல்லைத் தேர்ந்துகொள்ளவேண்டும். அறிவாளிகள் தீர்ந்துபோய் முட்டாள்கள் மட்டும் எஞ்சியிருக்கும் நாளிலும் இரண்டு பெயர்களையும் பட்டியலில் அருகருகே விட்டுவைப்பது நன்று. ஒன்றை அடித்துவிட்டால் மற்றதற்கு ஏன் அப்பெயர் வந்ததென்று வந்தவர்க்கு விளங்காது.